மாத்திரைப் பையை முதலில் கொட்டுங்கள்

“பையில இருக்குற மாத்திரை எல்லாத்தையும் மேசை மேல எடுத்து வைங்கம்மா. தோல அப்புறம் பார்ப்போம்.”

தோல் நோய்ப் பிரிவில் மருத்துவர் ஒவ்வொருவரிடமும் இப்படித்தான் தொடங்குகிறார். காவிரி டெல்டாவில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரம். ஓ.பி. சீட்டு வாங்கியவர்கள் வராந்தா நெடுக நிற்கிறார்கள். நின்ற இடத்திலேயே இடுப்பையும் தொடையையும் சொறிந்துகொள்கிறவர்கள்தான் அதிகம். சர்க்கரை, இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு என்று ஆண்டுக்கணக்கில் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் பூஞ்சைத் தொற்று வந்தால் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், எப்படிக் குணப்படுத்துகிறார்கள் என்று பார்க்க அனுமதி கேட்டிருந்தேன். மேசைக்குப் பக்கவாட்டில் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார் மருத்துவர். “இவர் பத்திரிகைக்காரர். உங்க பேரெல்லாம் எழுத மாட்டார். இருக்கலாமா?” என்று வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்டார். வேண்டாம் என்றவர்களுக்காக வெளியே போய் நின்றேன்.

அறுபதை நெருங்கும் ஓர் அம்மா. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. ஜவுளிக்கடைப் பையைக் கவிழ்த்தார். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, அம்லோடிபின், கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின், ‘கேஸ்’ மாத்திரை என்று அவர் சொன்ன ஓமெப்ரசோல். கடைசியாக, வால்வரை சுருட்டிப் பிதுக்கிய ஒரு கிரீம் டியூப் விழுந்தது. மருத்துவர் முதலில் எடுத்தது அதைத்தான். வெளிச்சத்தில் பிடித்து, பொடியெழுத்தை எனக்கும் கேட்கும்படி படித்தார்: குளோபெட்டசால், ஆஃப்லாக்சசின், ஆர்னிடசோல், டெர்பினாஃபின்.

“எவ்வளவு நாளா போடுறீங்க?”

“ஆறேழு மாசமா டாக்டரம்மா. போட்டா நாலு நாள்ல கேக்குது. விட்டா மறுபடி வந்துருது. அப்புறம் எதித்த வீட்டுப் பொண்ணும் இதத்தான் போடுது.”

திரைக்குப் பின்னால் அழைத்துப் போய் மார்பின் அடி, அக்குள், தொடையிடுக்கு, பிட்டம், கால்விரல் இடுக்கு, நகம் என்று முழு உடம்பையும் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தார். காட்டிய இடத்தை மட்டும் பார்த்து மருந்து எழுதக் கூடாது என்பது அவருடைய கண்டிப்பு. அந்த அம்மாவின் சம்மதத்தோடு இடுப்பின் பக்கவாட்டை எனக்கும் காட்டினார். உள்பாவாடை நாடா இறுகும் கோட்டை ஒட்டியே தடிப்பு ஓடுகிறது. சாதாரணப் படர்தாமரை என்றால் ஓரம் சிவந்து செதிலோடு மேடாக இருக்கும், நடு தெளிந்திருக்கும், பார்த்தவுடன் சொல்லிவிடலாம். இங்கே வட்டத்துக்குள் வட்டம், அதற்குள் இன்னொரு வட்டம். சில இடங்களில் ஓரமே இல்லை, மங்கலான பழுப்பு மட்டும். தோல் மெலிந்து, பிரசவத் தழும்பு மாதிரிக் கோடுகள் விழுந்திருந்தன.

“இந்த வட்டத்துக்குள்ள வட்டம் கிரீம் செஞ்ச வேலை” என்றார். ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அடக்கும். தோலின் எதிர்ப்பு அடங்கியதும் பூஞ்சை நிம்மதியாகப் பரவும். நிறுத்தினால் அரிப்பு திரும்பி வரும், மறுபடி போடுவார்கள், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வளையம் கூடும். உருமாறிப்போன இந்தப் படர்தாமரையைப் பற்றி 1968லேயே பிரிட்டிஷ் மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். அன்று அது அரிதான சங்கதி. இன்று இந்த வராந்தாவில் தொட்டுக்காட்ட வேண்டுமானால் அடுத்தடுத்து நிற்கிறவர்களையே காட்டலாம்.

திரைக்குப் பின்னால் பார்த்ததில் இன்னொன்றும் இருந்தது. மார்பின் அடியில் இருந்த புண் இடுப்பில் இருப்பதல்ல. ஈரமாக, செக்கச்செவேலென்று, சுற்றிலும் பொட்டுப் பொட்டாகச் சிதறல். அது கேண்டிடா. இடுப்பில் இருப்பது தோலின் கெரட்டின் புரதத்தைத் தின்று வாழும் பூஞ்சை. கேண்டிடா வேறு இனம், ஈரத்தையும் சர்க்கரையையும் தேடி வருவது. ஒரே உடம்பில் இரண்டு பூஞ்சை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது கிருமியை விழுங்கும் வெள்ளையணுக்கள் மந்தமாகிவிடுகின்றன; ஈரமான மடிப்புகள் கேண்டிடாவுக்குத் தோதான இடம். அந்த அம்மாவின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 10ஐத் தாண்டியிருந்தது.

அடுத்து, சுரண்டி எடுக்கும் பரிசோதனை. பட்டமேற்படிப்பு மாணவி ஒருவர் செய்தார். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, அறுவைக் கத்தியின் முனையைத் தோலுக்கு நேர்குத்தாகப் பிடித்து, வட்டத்தின் ஓரத்தில் மட்டும் சுரண்டுகிறார். நடுவில் சுரண்டினால் பலன் இல்லை. பூஞ்சை உயிரோடு நகர்ந்துகொண்டிருப்பது ஓரத்தில்தான். கீழே கருப்புக் காகிதம் பிடித்திருந்தார். வெள்ளைச் செதில்கள் அதில் தவிட்டுத் தூளாக விழுவது பளிச்சென்று தெரிந்தது. இரத்தம் வரவில்லை. அம்மாவுக்கு வலிக்கவும் இல்லை. “நல்லா சொறிஞ்சிவிட்ட மாதிரி இருக்கு கண்ணு” என்றார்.

பக்கத்து அறையில் மைக்ராஸ்கோப். கண்ணாடித் தகட்டில் செதிலை வைத்து 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இரண்டு சொட்டு விட்டு, மேலே மெல்லிய கண்ணாடிச் சில்லு மூடி, சுடரில் லேசாகக் காட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். காரம் தோலின் கெரட்டினைக் கரைக்கும். பூஞ்சையின் சுவர் கைட்டினால் ஆனது, அது கரையாமல் நிற்கும். பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். நகமென்றால் கரைசலின் வீரியத்தைக் கூட்டி மணிக்கணக்கில் வைக்க வேண்டும். ஆய்வக நுட்பர் லென்ஸைத் திருப்பி, கீழிருந்து வரும் வெளிச்சத்தைக் குறைத்தார். “வெளிச்சம் கூடுனா ஒண்ணும் தெரியாது சார். மங்கலா வச்சுத்தான் தேடணும்.” நான் கண்ணை வைத்தேன். முதலில் தோல் உயிரணுக்களின் மங்கலான தளம். பிறகு அதை ஊடறுத்துக்கொண்டு, பிடுங்கிய நாற்றின் சல்லிவேர்போல் கிளை பிரிந்து ஓடும் இழைகள். இழைக்குள் கணுக்கணுவாகத் தடுப்பு. ஒன்றிரண்டு அல்ல, தகடு முழுக்க. ஸ்டீராய்டு போட்ட தோலில் இப்படித்தான் கொத்துக் கொத்தாகக் கிடைக்கும் என்றார் நுட்பர். துணி நூலையும், செல்களின் விளிம்பில் படியும் கொழுப்புக் கோடுகளையும் பூஞ்சை என்று புதியவர்கள் எழுதிவிடுவதுண்டாம். இழை செல்களின் எல்லையைத் தாண்டி ஓடுகிறதா என்று பார்ப்பதுதான் அவருடைய சோதனை.

இந்தத் தகட்டுப் பரிசோதனைக்குச் செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை. ஒரு கத்தி, ஒரு கண்ணாடி, இரண்டு சொட்டுக் கரைசல், அரைமணி நேரம். இருந்தும் வெளியே எத்தனை கிளினிக்குகளில் இதைச் செய்கிறார்கள்? பார்வையால் சொல்லிவிடலாம் என்பது ஒரு காலத்தில் சரியாக இருந்தது. பூஞ்சையும் மாறிவிட்டது, கிரீம் அதன் முகத்தையும் மாற்றிவிட்டது. ஆண்டுக்கணக்கில் மாத்திரை சாப்பிடும் உடம்புக்குள் இன்னொரு மாத்திரையை அனுப்புவதற்கு முன்னால் இந்த அரைமணி நேரத்தை யாரும் மிச்சம் பிடிக்கக் கூடாது என்று எனக்குப் படுகிறது.

பூஞ்சை மாறியது என்று சொன்னேன். பத்து வருடங்களுக்கும் மேலாக இந்தியா முழுக்கத் தோல் மருத்துவர்கள் எதிர்கொண்டுவரும் பிடிவாதமான படர்தாமரைக்குப் பின்னால் இருப்பது ட்ரைக்கோஃபைட்டான் வகையில் ஒரு புதிய உறுப்பினர். ஜப்பானில் சிகிச்சை பெற்ற இந்தியர், நேபாளியரிடம் எடுத்த மாதிரிகளிலிருந்து அங்குள்ள ஆய்வாளர்கள் 2020ல் அதற்கு ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று பெயரிட்டார்கள். 2023ல் நியூயார்க்கில் அமெரிக்காவின் முதல் இரண்டு நோயாளிகள் பதிவானார்கள். அதில் ஒருவர் அண்மையில் வெளிநாட்டுப் பயணம் எதுவும் போகாதவர். டெர்பினாஃபின் என்ற மருந்து பூஞ்சையின் ஒரு நொதியை முடக்கி, அதன் உறைக்குத் தேவையான எர்கோஸ்டிராலை உண்டாக்கவிடாமல் செய்து கொல்கிறது. இந்தப் புதிய பூஞ்சையில் கணிசமான பங்கு அந்த நொதிக்கான மரபணுவையே மாற்றிக்கொண்டுவிட்டது. இரண்டு வாரத்தில் ஆறிய நோய்க்கு இப்போது ஆறு வாரம், எட்டு வாரம், அதற்கு மேலும் ஆகிறது.

மேசைக்குத் திரும்பினோம். இனிமேல்தான் அந்த மாத்திரைக் குவியலுக்கு வேலை. மருத்துவர் ஒவ்வோர் அட்டையாக நகர்த்திக்கொண்டே மாணவியிடம் கேள்வி கேட்டார். நான் எழுதிக்கொண்டே வந்தேன்.

டெர்பினாஃபின் கொடுக்கலாமா? கிரீமில் ஏற்கெனவே மாதக்கணக்கில் போட்டும் பூஞ்சை மசியவில்லை, நம்பிக்கை இல்லை. ஃபுளுகோனசோல்? கிளிமிபிரைடை உடம்பு சிதைக்கும் வழியை அது அடைத்துவிடும். சர்க்கரை மாத்திரையின் வீரியம் கூடி, இராத்திரியில் சர்க்கரை சட்டென்று இறங்கி மயங்கி விழ வாய்ப்பு உண்டு. தனியாக இருக்கும் வயதானவருக்கு அது உயிராபத்து. சரி, இட்ராகோனசோல்? மாணவி தலையாட்டினார். மருத்துவர் எழுந்து வந்து, அந்த அம்மாவின் புடவையைக் கணுக்கால்வரை உயர்த்தச் சொல்லி, முன்னங்கால் எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். குழி விழுந்தது, மெல்ல நிரம்பியது.

“படி ஏறுனா மூச்சு வாங்குதா? ராத்திரி ரெண்டு தலகாணி வைக்கிறீங்களா?”

“இல்ல டாக்டரம்மா. வீக்கம் இந்தப் பிரஷர் மாத்திரை மாத்துனதுலேருந்துதான்.”

அம்லோடிபின் கால் வீக்கம் தரும், சரியாக இருக்கலாம். ஆனால் இட்ராகோனசோல் இதயத்தின் சுருங்கும் விசையைக் குறைக்கக்கூடியது. இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு, தோல் பூஞ்சைக்காக அதைக் கொடுக்கவே கூடாது. அதோடு அது அம்லோடிபினின் அளவையும் இரத்தத்தில் உயர்த்தும், வீக்கம் இன்னும் கூடும். அட்டோர்வாஸ்டாட்டினையும் உயர்த்தும், தசை சிதையலாம். சிம்வாஸ்டாட்டினாக இருந்தால் சேர்க்கவே முடியாது. ஓமெப்ரசோலோ எதிர்த்திசையில் இழுக்கிறது: இட்ராகோனசோல் காப்சூல் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும், அமிலத்தைக் குறைத்துவிட்டால் காப்சூல் வீண். வெறும் வயிற்றில் போட்டாலும் வீண். சாப்பாடு முடிந்த கையோடு போட வேண்டும்.

“இந்த கேஸ் மாத்திரை யாரு எழுதுனாங்க?”

அந்த அம்மாவுக்கு நினைவில்லை. எப்போதோ மூட்டுவலிக்கு மாத்திரை கொடுத்தபோது கூடவே கொடுத்தது. வலி மாத்திரை நின்றுவிட்டது, இது நிற்கவில்லை. அதைத் தோல் மருத்துவர் நிறுத்தினார். ஈ.சி.ஜி., எக்கோ, கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகளுக்கு எழுதினார். பொது மருத்துவத் துறைக்குப் போன் போட்டு, கொழுப்பு மாத்திரையை இரண்டு மாதம் மாற்றித்தர முடியுமா என்று கேட்டு, பதிலைச் சர்க்கரை நோட்டில் சிவப்பு மையில் எழுதினார். எக்கோ வரும்வரை பூஞ்சைக்கு மாத்திரையே இல்லை, கிரீம் மட்டும். அதையும் எப்படிப் போடுவது என்று விரலால் காட்டினார்: தடிப்புக்கு மேல் மட்டுமல்ல, ஓரத்தைத் தாண்டி 2 செ.மீ. வரை, ஒரு நாளைக்கு 2 வேளை, பார்வைக்கு மறைந்த பிறகும் 2 வாரம். பழைய டியூபைக் குப்பைக்கூடையில் போட்டார். “நிறுத்துனதும் ஒரு வாரம் அரிப்பு பயங்கரமா எகிறும். அது புது மருந்தோட கோளாறு இல்ல. தாங்கிக்கங்க, அரிப்புக்கு மாத்திரை தரேன். மறுபடி மெடிக்கலுக்குப் போயிடாதீங்க.”

படர்தாமரைக்கு இவ்வளவா என்று யாருக்கும் தோன்றும். தோலைப் பார்த்து, சுரண்டி நோயைக் கண்டுபிடிக்க அரைமணி நேரம்தான் ஆனது. மருந்தைத் தேர்ந்தெடுக்க, இதயமும் கல்லீரலும் சர்க்கரையும் கொழுப்பும் ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. நாள்பட்ட நோயாளிக்குத் தோலில் வரும் பூஞ்சையைச் சின்ன விஷயம் என்று சொல்கிறவர்கள் இந்த மேசையின் பக்கம் ஒருமுறை உட்கார வேண்டும்.

பதினொரு மணிக்குத் தேநீர் குடிக்க வெளியே வந்தேன். எதிர்ச்சாரியில் இருந்த ஒரு மருந்துக்கடையில் படர்தாமரைக்கு கிரீம் கேட்டேன். சீட்டு கேட்கவில்லை, வயது கேட்கவில்லை, சர்க்கரை உண்டா என்று கேட்கவில்லை. அந்த அம்மாவின் பையிலிருந்து விழுந்த அதே நான்கு மருந்துக் கலவை, வேறு கம்பெனிப் பெயரில் கைக்கு வந்தது. டியூபின் மேல், பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டும் என்ற எச்சரிக்கை ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. வாங்குகிறவர்களில் யாருக்காக அந்த எச்சரிக்கை? ஸ்டீராய்டு கிரீம்களைச் சீட்டில்லாமல் விற்க இருந்த ஓட்டையை 2018ல் மத்திய சுகாதார அமைச்சகம் அடைத்தது; தோல் மருத்துவர் சங்கத்தினர் அதற்காக வருடக்கணக்கில் போராடியிருந்தார்கள். சட்டப் புத்தகத்தில் அடைபட்டது கடை மேசையில் திறந்தேதான் கிடக்கிறது. முகத்துக்கு வெள்ளை, தொடைக்கு அரிப்பு, குழந்தைக்கு ஒவ்வாமை, எல்லாவற்றுக்கும் ஒரே டியூப். இதில் எனக்குக் கோபம் உண்டு. மறைக்க விரும்பவில்லை.

திரும்பி வந்தபோது, சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். முதுகு முழுக்கப் படை. ஆனால் அரிப்பு அதிகம் இல்லை என்றார். அதுதான் கவலைக்குரியது என்றார் மருத்துவர். அரிப்பும் சிவப்பும் உடம்பு எதிர்த்து நிற்பதன் அடையாளம். புதிய சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமலிருக்க எதிர்ப்பையே அடக்கி வைத்திருக்கிறோம். முடிக்கால் வழியே பூஞ்சை ஆழமாக இறங்கிக் கட்டியாகியிருக்கிறதா என்று விரலால் தடவித் தடவித் தேடினார். அவர் சாப்பிடும் டாக்ரோலிமஸின் அளவை இட்ராகோனசோல் பல மடங்கு ஏற்றிவிடும். காப்பாற்ற வேண்டிய சிறுநீரகத்தையே அது கெடுக்கும். டெர்பினாஃபினுக்கு அந்தத் தொல்லை இல்லை, ஆனால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் பாதிக்குக் கீழே போனால் அதையும் தவிர்க்க வேண்டும். சிறுநீரகத் துறையைக் கேட்காமல் ஒரு மாத்திரையும் எழுதவில்லை. செதிலைச் சுரண்டி வளர்ப்புப் பரிசோதனைக்கும் அனுப்பினார். சபூரோ ஊடகச் சாய்வில் பூஞ்சை வளர்ந்து முகம் காட்ட நான்கு வாரம்வரை ஆகும். எல்லோருக்கும் அதற்கு அவகாசம் இல்லை, இவருக்குத் தேவை.

“இது கருப்புப் பூஞ்சையா டாக்டர்?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார் அவர். 2021ல் கொரோனாவுக்குப் பிறகு மூக்கையும் கண்ணையும் பறித்த நோயின் பயம் இன்னும் போகவில்லை. அது வேறு குலம், காற்றில் வந்து சைனஸில் புகுந்து இரத்தக் குழாயை அடைப்பது. இது தோலைத் தின்பது என்று பொறுமையாக விளக்கினார். அவர் முகம் தெளிந்தது.

எல்லாச் சிவப்பும் பூஞ்சை இல்லை என்பதை ஓர் இருட்டறையில் பார்த்தேன். ஆட்டோ ஓட்டுநர் ஒருவர், சர்க்கரை உண்டு. தொடையிடுக்கில் பழுப்புச் சிவப்புத் திட்டு. ஒரு வருடமாகப் பூஞ்சை மருந்து மாற்றி மாற்றிப் போட்டும் அசையவில்லை. தகட்டில் இழை எதுவும் இல்லை. கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, வுட் விளக்கு எனப்படும் புற ஊதா விளக்கை மருத்துவர் காட்டினார். அந்த இடம் பவழச் சிவப்பாக ஒளிர்ந்தது. எரித்ராஸ்மா. பாக்டீரியாவின் வேலை; அது சுரக்கும் போர்ஃபைரின்தான் இப்படி ஒளிர்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு அதிகம் வருவது. பாக்டீரியாவுக்கான மருந்தை எழுதினார். ஒரு வருடம் வாங்கிய கிரீம்களின் காசை அவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

நாற்பது வயதுக்காரர் ஒருவர் மனைவியை வெளியே நிறுத்திவிட்டு வந்தார். ஆணுறுப்பு முனையில் வெடிப்பும் எரிச்சலும். மருத்துவர் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தார்: டாபாகிளிஃப்லோசின். 2020 அக்டோபரில் காப்புரிமை முடிந்து விலை இறங்கிய பிறகு இந்த வகை மாத்திரை பட்டிதொட்டியெங்கும் போய்விட்டது. அதிகப்படி சர்க்கரையைச் சிறுநீரில் இறக்குவதுதான் அதன் வேலை. இறங்கும் சர்க்கரை கேண்டிடாவுக்குத் தீனி. இந்த மனிதர் இதைத் தப்பான உறவால் வந்த நோய் என்று நினைத்து இரண்டு மாதம் யாரிடமும் சொல்லாமல் நொந்துபோயிருக்கிறார். மாத்திரையை எழுதிக் கொடுத்தபோது யாராவது ஒரு வரி சொல்லியிருந்தால் இது நேர்ந்திருக்காது. மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது, அது இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது. சிறுநீர் கழித்த ஒவ்வொரு தடவையும் தண்ணீரால் கழுவி, துணியால் ஒற்றி உலர்த்த வேண்டும். கிரீம் இருவருக்கும் வேண்டும் என்று சொல்லி, மனைவியையும் உள்ளே கூப்பிட்டார்.

மருந்தைவிட வீட்டுச் சங்கதிகளுக்குத்தான் அவர் நேரம் கூடுதலாகக் கொடுத்தார். வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது? ஒரே துண்டா? துவைத்த துணியை எங்கே காயப்போடுகிறீர்கள்? மழைநாளில் அரைகுறையாகக் காய்ந்த உள்ளாடையில் பூஞ்சை வித்துகள் உயிரோடிருக்கும். வெந்நீரில் அலசி, உள்புறத்தை வெளியே திருப்பி வெயிலில் போட்டு, வெயில் இல்லையென்றால் இஸ்திரி போட வேண்டும். ஒரு பெரியவரின் இடுப்பில் கருத்து நைந்த அரைஞாண் கயிறு. அதன் தடத்திலேயே படை. கயிற்றில் மாதக்கணக்கில் ஈரமும் செதிலும் ஊறியிருந்தன. அறுத்தால் ஆகாது என்று தயங்கினார். “படை ஆறுற வரைக்கும் கழட்டி வைங்க ஐயா. அப்புறம் புதுசா வெள்ளியில போட்டுக்கங்க, கழுவலாம்” என்றதும் சம்மதித்தார்.

மதியத்துக்குள் கீழ்த்தளத்திலிருக்கும் சர்க்கரைப் பிரிவுக்குப் போனேன். போகச் சொன்னது தோல் மருத்துவர்தான். அங்கே கூட்டம் இதைவிட மூன்று மடங்கு. சீட்டில் முத்திரை, விரலில் ஒரு குத்து, அளவு பார்த்து ஒரு மாதத்து மாத்திரை. மணிக்கணக்கில் நின்ற அந்த வரிசையில் ஒருவர்கூட செருப்பைக் கழற்றவில்லை. கழற்றச் சொல்லவும் யாருக்கும் நேரமில்லை. மருத்துவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கூட்டத்துக்கு அங்கே இருந்தது இரண்டே நாற்காலி. ஆனால் மாடியில் தோலைப் பார்க்கிறவருக்குச் சர்க்கரை நோட்டு தெரிகிறது, கீழே சர்க்கரை பார்க்கிற இடத்தில் தோல் தெரிவதில்லை. டெல்டாவில் அதன் விலையைக் கொடுப்பது கால்.

சம்பா நடவு நடக்கும் நாட்கள். வரிசையில் இருந்த விவசாயக் கூலி ஒருவரிடம் ஒரு மூத்த செவிலியர் அக்கா என் கேள்விக்காகக் காலைக் காட்டச் சொன்னார். சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் வெளுத்து ஊறிய தோல். அடியில் நீள்வாக்கில் வெடிப்பு. நம் ஊரில் சேற்றுப்புண் என்று மஞ்சளும் விளக்கெண்ணெயும் போட்டு விட்டுவிடுகிற சங்கதி. அவருக்கு அது இருப்பதே தெரியவில்லை. அக்கா ஒரு நைலான் நரம்பை, வளையும் வரை 10 கிராம் அழுத்தம் தரும் அந்தச் சோதனைக் கம்பியை, உள்ளங்காலில் பல இடங்களில் வைத்து எடுத்தார். கண்ணை மூடியிருந்த மனிதர் பாதி இடங்களில் “வச்சிட்டியா தாயி?” என்றுதான் கேட்டார். உணர்ச்சி போய்விட்டது, அரிப்பும் எரிச்சலும் அவரை எச்சரிக்காது. பூஞ்சை திறந்துவைத்த இந்த வெடிப்பு வழியாகத்தான் பாக்டீரியா ஏறுகிறது. கால் வீங்கிச் சிவந்து காய்ச்சலோடு வரும்போது அறுவைப் பிரிவுக்கு அனுப்ப வேண்டிவரும். விரல் போகலாம், பாதம் போகலாம்.

கட்டைவிரல் நகம் தடித்து மஞ்சளாகியிருந்தது. நகம் கெட்டிருப்பதெல்லாம் பூஞ்சை அல்ல, ஏறத்தாழ பாதிதான். ஆகவே நகத்துக்கு மாதக்கணக்கில் மாத்திரை தொடங்கும் முன் அதையும் சுரண்டிப் பார்த்தாக வேண்டும். பூஞ்சையே என்றாலும் கால் பெருவிரல் நகம் முழுதாகப் புதிதாய் வளர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அதுவரை, தடித்த நகம் அடுத்த விரலைக் குத்திப் புண்ணாக்காமல் அராவி வைக்க வேண்டும். அவருக்கு அவசரம் நகமில்லை, இடுக்குதான்.

“நாளைக்கும் சேத்துல எறங்கணும் தாயி. எறங்கலேன்னா கூலி இல்ல” என்றார் அவர்.

இறங்காதீர்கள் என்று அக்கா சொல்லவில்லை. சேற்றில் நிற்கும் நேரத்தைக் குறைக்க முடியாதென்றால், கரையேறியதும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். விரல் ஒவ்வொன்றையும் பிரித்து, இடுக்கில் பழைய வேட்டித் துணியை நுழைத்து ஈரமே இல்லாமல் ஒற்றியெடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது. பாதத்தின் மேலும் குதிகாலிலும் எண்ணெய் தடவலாம், இடுக்கில் மட்டும் கூடாது. அங்கே இராத்திரி பூஞ்சைக் கிரீம். பெஞ்சில் உட்காரவைத்து, ஒரு பஞ்சுத் துணியால் தானே ஒரு காலுக்குச் செய்து காட்டினார். மறு காலை அவரையே செய்யவைத்தார். குனிய முடியவில்லை, கண்ணும் சரியாகத் தெரியவில்லை. உடன் வந்திருந்த பேத்தியைக் கூப்பிட்டு அவளுக்கும் செய்துகாட்டி, நோட்டின் முதல் பக்கத்தில் தோல் பிரிவின் அறை எண்ணையும் கிழமையையும் எழுதி, செவ்வாய்க்கிழமை வரும்போது கிரீம் டியூபையும் மாத்திரை அட்டைகளையும் மறக்காமல் எடுத்து வரச் சொன்னார்.